அடுத்த லினக்ஸ் மாநாடு அரியலூர்ப் பக்கம் கூடட்டும்

2023 ஜனவரி 28, 29 தேதிகளில் விழுப்புரம் பல்கலைக்கழகப் பொறியியல் கல்லூரியில் லினக்ஸ் வகை இயங்குதளமான டெபியனுக்கான தமிழ்நாட்டு மாநாடு நடந்தது. டெபியன் எந்த நிறுவனத்துக்கும் சொந்தமானது அல்ல. 1993 முதல் உலகெங்கும் உள்ள தன்னார்வலர்கள் சேர்ந்து எழுதிப் பராமரித்து, யாருக்கும் கட்டணமின்றித் தரும் கட்டற்ற மென்பொருள் தொகுப்பு அது. பலருக்கும் பெயர் தெரிந்த உபுண்டு அதன் மேல்தான் கட்டப்பட்டது. இணையத்தில் நாம் தொடும் எத்தனையோ சேவைகளின் பின்னால் இருக்கும் சர்வர்களும் அதில்தான் ஓடுகின்றன. விழுப்புரத்தில் அந்த மாநாட்டை எடுத்து நடத்தியது ஊரில் பல ஆண்டுகளாக இயங்கிவரும் குனு/லினக்ஸ் பயனர் குழு. விழுப்புரம் மாவட்டத்தில் கணினி நிறுவனங்களுக்கான அரசின் மினி டைடல் பூங்கா திறக்கப்பட்டது 2024 பிப்ரவரியில். அதாவது கட்டடம் வருவதற்கு ஓராண்டு முன்பே மாநாடு வந்துவிட்டது. இந்த வரிசை கவனிக்க வேண்டியது. கணினித் துறைக்கு முதலில் கட்டடம் வேண்டும், சாலை வேண்டும், நிறுவனம் வேண்டும், ஆட்கள் பிறகு வருவார்கள் என்று நம்பிப் பழகியிருக்கிறோம். விழுப்புரத்தில் நடந்தது நேர்மாறானது. தமிழ்நாட்டின் அடுத்த கட்டற்ற மென்பொருள் மாநாட்டைப் பெரம்பலூர் - அரியலூர் பகுதியில் வைக்க வேண்டும் என்று நான் வாதிடுவதற்கு அடிப்படை இதுதான். அதற்கு ஒரு நிபந்தனையும் உண்டு. அந்த நிபந்தனையில்லாமல் இந்த யோசனைக்கு மதிப்பில்லை என்பதால் அதைப் பிறகு விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

இத்தகைய மாநாடுகளுக்கு ஊர் எப்படித் தேர்வாகிறது என்பதை முதலில் பார்க்கலாம். டெபியனின் ஆண்டு மாநாடான டெப்கான்ஃப் ஒவ்வோர் ஆண்டும் ஊர் மாறும். நடத்த விரும்பும் குழு தன் ஊருக்காக ஒரு விண்ணப்பம் எழுதி எல்லோரும் பார்க்கும்படி வைக்க வேண்டும். அரங்கம் எத்தனை, தங்குமிடம் அரங்கிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்கிறதா, இணைய இணைப்பு எப்படி, சாப்பாடு என்ன, விமான நிலையம் எவ்வளவு தூரம், விசா கிடைக்குமா, செலவு எவ்வளவு, நன்கொடை தரக்கூடியவர்கள் யார் என்று கேள்விகள் நீளும். மாநாட்டுக் குழு விண்ணப்பங்களை ஒப்பிட்டு, திறந்த கூட்டத்தில் குறுக்குக் கேள்விகள் கேட்டு முடிவெடுக்கும். நல்ல முறை. ஆனால் அந்தப் பட்டியலில் பாதிக் கேள்விகள் பெருநகரத்துக்குச் சாதகமானவை. விமான நிலையமும் நட்சத்திர விடுதியும் அதிவேக இணையமும் உள்ள ஊர் எளிதில் மதிப்பெண் வாங்கிவிடும். தமிழ்நாட்டில் நாம் இவ்வளவு முறையாகக்கூடச் செய்வதில்லை. அரங்கம் தரும் நண்பர் எங்கே இருக்கிறார், பேச்சாளர்கள் எந்த ஊரில் வேலை செய்கிறார்கள் என்ற இரண்டு கேள்விகளோடு முடிவு பெரும்பாலும் முடிந்துபோகிறது. சென்னை தானாகவே வந்து நின்றுவிடுகிறது. யாரும் சென்னையைத் தேர்ந்தெடுப்பதில்லை. வேறு ஊரைத் தேர்ந்தெடுக்காததால் அது சென்னையாகிறது.

டெபியனின் வரலாறோ வேறு மாதிரி சொல்கிறது. 2009இல் அந்த மாநாடு கூடியது ஸ்பெயினின் கசேரஸ் நகரத்தில். மாட்ரிட்டோ பார்சிலோனாவோ அல்ல. எக்ஸ்ட்ரிமதுரா என்ற வேளாண் மாநிலத்தின் ஊர், ஸ்பெயினிலேயே வருமானம் குறைந்த பகுதிகளில் ஒன்று. அந்த மாநில அரசு 2002இல் டெபியனை அடிப்படையாகக் கொண்டு தனக்கென ஒரு லினக்ஸ் தொகுப்பை உருவாக்கி, பள்ளிகளில் இரண்டு மாணவர்களுக்கு ஒரு கணினி என்ற கணக்கில் கொண்டுபோய் வைத்தது. உரிமக் கட்டணத்துக்குப் போக வேண்டிய பணத்தைக் கணினி வாங்கவும் ஆசிரியரைப் பயிற்றவும் திருப்பியது. ஆகவே ஏழாண்டு கழித்து உலகின் டெபியன் உருவாக்குநர்கள் அங்கே போய் இறங்கியபோது, தாங்கள் எழுதியதைப் பயன்படுத்தும் ஊருக்குத்தான் போனார்கள். 2022இல் மாநாடு கொசோவோவின் பிரிஸ்ரன் நகரத்தில் நடந்தது. போரைக் கண்ட சின்னஞ்சிறு நாடு. அதன் தலைநகரம்கூட அல்ல. ஜெர்மன் அமைதிப்படை முகாமாக இருந்து பயிற்சிப் பூங்காவாக மாறிய வளாகம்தான் அரங்கம். 38 நாடுகளிலிருந்து 260 பேர் வந்தார்கள். அங்கே 2009 முதல் கட்டற்ற மென்பொருள் மாநாடு நடத்திவந்த உள்ளூர் அமைப்பு ஒன்று இருந்தது என்பதுதான் அந்த விண்ணப்பத்தின் உயிர். மறு ஆண்டு கொச்சி. 35 நாடுகளிலிருந்து 474 பேர். கொச்சியின் பின்னாலும் பள்ளிக் கல்வியில் கட்டற்ற மென்பொருளைக் கொண்டுவந்த கேரள அரசின் நெடுநாள் கொள்கையும், மலையாளக் கணிமைக்காக உழைத்த தன்னார்வக் குழுக்களும், 2022 நவம்பரில் பாலக்காட்டில் நடந்த சிறு டெபியன் மாநாடும் நின்றன. இந்த மூன்று ஊர்களையும் சேர்த்துப் பார்த்தால் ஓர் உண்மை தெரிகிறது. ஊரின் அளவோ வசதியோ அல்ல, அந்த ஊரில் யார் ஏற்கெனவே என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்பதே மாநாட்டைத் தாங்கியது.

பணக் கணக்குக்கு வருவோம். சென்னையில் வைத்தால் செலவு குறைவு என்பது வழக்கமாகச் சொல்லப்படும் வாதம். யாருடைய செலவு என்று கேட்க வேண்டும். பேச்சாளர்கள் பெரும்பாலும் சென்னையிலும் பெங்களூரிலும் வேலை செய்கிறவர்கள். அவர்களுக்குப் பயணப்படி தர வேண்டாம், அறை போட வேண்டாம் என்பதால் அமைப்பாளரின் கணக்கில் தொகை குறைகிறது. அதே நேரத்தில் அரியலூர் மாவட்டம் செந்துறையிலிருந்து வரும் ஒரு கல்லூரி மாணவி இரவுப் பேருந்துக்கும், சென்னையில் இரண்டு நாள் தங்கலுக்கும், அங்கே போக்குவரத்துக்கும் சாப்பாட்டுக்கும் பணம் தேட வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னால், தெரியாத நகரத்தில் இரவு தங்க வீட்டில் அனுமதி வாங்க வேண்டும். இந்தச் செலவு எந்த வரவுசெலவு அறிக்கையிலும் ஏறுவதில்லை. அவள் வராமல் போனால் அந்த இழப்பும் ஏறுவதில்லை. அரங்க வாடகை மட்டும் பளிச்சென்று தெரிகிறது. மாநாட்டைச் சிறிய ஊருக்குக் கொண்டுபோனால் மொத்தச் செலவு கூடும் என்பது உறுதியில்லை. ஆனால் அது சம்பளம் வாங்குகிறவர்களின் தோளுக்கு மாறும் என்பது உறுதி. கட்டற்ற மென்பொருள் என்ற இயக்கமே, மென்பொருளைப் பயன்படுத்தவும் படிக்கவும் மாற்றவும் பகிரவும் எல்லோருக்கும் சுதந்திரம் வேண்டும் என்ற நம்பிக்கையில் எழுந்தது. அதன் மாநாட்டுக்கு வரும் வழியில் மட்டும் பணம் குறுக்கே நிற்கலாமா?

இனி ஏன் பெரம்பலூர், அரியலூர்? திருச்சி மாவட்டத்திலிருந்து 1995இல் பிரிந்தது பெரம்பலூர். அதிலிருந்து 2001இல் பிரிந்த அரியலூர், மறு ஆண்டே மீண்டும் இணைக்கப்பட்டு, 2007இல் திரும்பத் தனி மாவட்டமானது. 2011 கணக்கெடுப்பின்படி பெரம்பலூரின் மக்கள்தொகை 5.65 லட்சம், அன்றைய தமிழ்நாட்டு மாவட்டங்களில் அதுதான் குறைவு. அரியலூரில் 7.5 லட்சம். மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும் விளையும் மானாவாரி மண் ஒரு பக்கம். சுண்ணாம்புக்கல் சுரங்கமும் சிமெண்ட் ஆலைகளும் மறுபக்கம். இரண்டு மாவட்டங்களிலும் பொறியியல், கலை அறிவியல் கல்லூரிகள் இருக்கின்றன. குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குள் காலெடுத்து வைத்த பிள்ளைகள் அவற்றில் நிறைந்திருக்கிறார்கள். படித்து முடித்தவர்கள் வேலைக்குச் சென்னைக்கோ கோவைக்கோ பெங்களூருக்கோ போகிறார்கள். பாடத்தில் படித்த மொழியில் நாலு வரி நிரல் எழுத அவர்களுக்குத் தெரியும். ஆனால் உலகின் எந்த மூலையிலோ ஓடும் ஒரு மென்பொருளில் பிழை கண்டு, திருத்தி, அனுப்பி, அது ஏற்கப்படுவதைப் பார்க்கும் வாய்ப்பு இருப்பதே பலருக்குத் தெரியாது. அதற்குப் பட்டமோ நேர்முகத் தேர்வோ வேண்டியதில்லை. செய்து காட்டும் ஓர் ஆள் பக்கத்தில் இருந்தால் போதும். இந்த மண்ணில் கங்கைகொண்ட சோழபுரம் இருக்கிறது, ஒரு பேரரசின் தலைநகராக இருந்த இடம் என்று பெருமை சொல்லி மாநாட்டுக்கு உரிமை கேட்கலாம் என்று சிலருக்குத் தோன்றும். அந்தப் பெருமை உண்மையானது. ஆனால் அது இங்கே வாதம் ஆகாது. பின்தங்கிய மாவட்டம் என்ற இரக்கமும் வாதம் ஆகாது. கற்கத் துடிக்கும் மாணவர் இருந்தும், கற்றுக்கொடுக்கும் சமூகம் அருகில் இல்லாத இடம் என்பதே வாதம்.

2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம் இந்த இடைவெளியை நன்றாகவே காட்டியது. அரசு கொடுத்த மடிக்கணினிகளில் விண்டோஸோடு, மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் நிறுவப்பட்டிருந்தது. அதுவும் டெபியன் வழி வந்ததுதான். ஆக, டெபியனின் பேரப்பிள்ளை ஒன்று அரியலூரின் ஊராட்சிகளுக்குள் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டது. அதைத் திறந்து, தமிழில் தட்டச்சு செய்வது எப்படி, நிரல் எழுதுவது எப்படி, பழுதானால் யாரைக் கேட்பது என்று காட்ட ஆளில்லாத இடங்களில் அது வெறும் இடத்தை அடைத்துக் கிடந்தது. எக்ஸ்ட்ரிமதுரா அரசு கணினியோடு ஆசிரியரையும் சேர்த்துத் தயார்ப்படுத்தியது. நாம் பொருளைக் கொடுத்தோம், ஆளைக் கொடுக்கவில்லை.

போக்குவரத்து பற்றிய எதிர்வாதத்தைச் சுருக்கமாகவே பார்க்கலாம், ஏனெனில் அது பெரிய தடை அல்ல. பெரம்பலூருக்கு ரயில் கிடையாது. ஆனால் சென்னை - திருச்சி தேசிய நெடுஞ்சாலை ஊரைத் தொட்டுப் போகிறது. அரியலூர் விழுப்புரம் - திருச்சி கார்டு லைனில் உள்ள நிலையம்; பல்லவனும் மலைக்கோட்டையும் நிற்கின்றன. இரண்டு ஊருக்கும் இடையே ஏறக்குறைய 30 கிலோமீட்டர். திருச்சி விமான நிலையத்திலிருந்து சிங்கப்பூர், கோலாலம்பூர், கொழும்பு நகரங்களுக்கு நேரடி விமானங்கள் உண்டு. அங்குள்ள தமிழ்க் கணினி ஆர்வலர்களுக்குச் சென்னையைவிட இது சிரமமான வழி அல்ல. தங்குமிடத்துக்கு நட்சத்திர விடுதியைத் தேட வேண்டியதில்லை. கட்டற்ற மென்பொருள் மாநாடுகள் உலகெங்கும் மாணவர் விடுதிகளில் தங்கி நடந்தவைதாம். கல்லூரி விடுமுறையில் விடுதி அறைகள் காலியாக இருக்கும். அரங்கும் அறையும் சாப்பாட்டுக் கூடமும் ஒரே வளாகத்தில் கிடைக்கும். இரவு பத்து மணிக்கு வராந்தாவில் உட்கார்ந்து ஒருவர் கணினியை இன்னொருவர் எட்டிப் பார்த்துப் பேசும்போதுதான் இத்தகைய மாநாடுகளின் சாரமே நடக்கிறது. மாலை ஆறு மணிக்கு ஆளுக்கொரு திசையில் மெட்ரோ ஏறிப் போய்விடும் பெருநகரத்தில் அது கிடைக்காது. சிறிய ஊர்களுக்கு மாநாடு போவது புதிதும் அல்ல. தமிழ் இணைய மாநாடு 2012இல் சிதம்பரத்திலும் 2016இல் திண்டுக்கல் காந்திகிராமத்திலும் நடந்திருக்கிறது. அரசு எல்லா மாவட்டங்களிலும் புத்தகக் காட்சி என்று அறிவிப்பதற்கு முன்பே பெரம்பலூர் தன் புத்தகத் திருவிழாவைப் பல நாட்கள் நடத்திக் காட்டிய ஊர். ஆயிரக்கணக்கானோர் வந்துபோகும் நிகழ்ச்சியை நடத்தும் பழக்கம் அந்த ஊருக்குப் புதிதல்ல.

இணைய இணைப்பு பற்றிய கவலையில் கொஞ்சம் நியாயம் உண்டு. இருநூறு மடிக்கணினிகள் ஒரே நேரத்தில் மென்பொருளைப் பதிவிறக்கத் தொடங்கினால் கல்லூரியின் இணைப்பு திணறும். இதற்குத் தீர்வு டெபியன் உலகத்திலேயே நெடுங்காலமாகப் புழங்குகிறது. மொத்த மென்பொருள் தொகுப்பின் நகலை ஒரு வன்தட்டில் ஏற்றிக் கொண்டுவந்து வளாகத்துக்குள்ளேயே ஒரு கணினியில் வைத்துவிட்டால், எல்லோரும் அங்கிருந்தே எடுத்துக்கொள்ளலாம். வெளி இணைப்பு, நேரலைக்கும் அவசரத் தேவைக்கும் மட்டும் போதும். மாநாடு முடிந்ததும் அந்த வன்தட்டு அந்தக் கல்லூரியிலேயே இருக்கட்டும். மின்சாரத்துக்கு ஜெனரேட்டர் கல்லூரிகளிலேயே இருக்கிறது.

கனமான எதிர்வாதம் வேறொன்று. 'விழுப்புரத்தில் மாநாடு வென்றது அங்கே குழு இருந்ததால். பிரிஸ்ரனிலும் கொச்சியிலும் அப்படியே. ஆக மாநாடு என்பது விளைச்சல், விதை அல்ல. விதைக்காத நிலத்தில் போய் அறுவடைத் தேதி குறிக்கச் சொல்கிறாயே' என்று ஒருவர் கேட்டால், அவர் சொல்வது சரி. நான் மேலே காட்டிய சான்றுகளே அவர் பக்கம்தான் நிற்கின்றன. பெங்களூரின் கதையும் அவர் பக்கமே. 2001இல் லினக்ஸ் பெங்களூர் என்ற பெயரில் தொடங்கி, பிறகு ஃபாஸ் டாட் இன் ஆக வளர்ந்த மாநாடு, ஆசியாவின் பெரிய கட்டற்ற மென்பொருள் கூடல்களில் ஒன்றாக இருந்தது. நாட்டின் கணினித் தலைநகரம், நிறுவனங்கள், விமானங்கள், பணம் எல்லாம் சுற்றியிருந்தும் 2012ஓடு அது நின்றுபோனது. வசதிகளால் ஒரு மாநாட்டைக் காப்பாற்ற முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு நம் பக்கத்தில் இல்லை. வசதி இருந்தும் ஆட்கள் சோர்ந்தால் நிற்கும் என்றால், வசதியும் ஆட்களும் இல்லாத இடத்தில் எப்படி நடக்கும்?

என் பதில், தேதியையும் ஊரையும் அறிவிப்பது ஆட்களைச் சேர்க்கும் வேலையின் ஒரு பகுதி என்பதே. பிரேசிலின் குரிச்சிபா நகரத்தைப் பாருங்கள். 2019இல் உலக டெபியன் மாநாடு அங்கே நடந்தது. அதற்கு முன் 2016, 2017, 2018 என மூன்றாண்டுகள் தொடர்ந்து அவர்கள் சிறு டெபியன் மாநாடுகளை நடத்தினார்கள். ஒவ்வொரு சிறு கூட்டமும் அடுத்த கூட்டத்துக்கான ஆட்களைத் தயாரித்தது. ஆகவே பெரம்பலூர் - அரியலூரில் மாநாடு என்பதை ஒன்றரை ஆண்டுக்கு முன்பே அறிவிக்க வேண்டும். அந்த நாளிலிருந்து மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை, ஏதாவது ஒரு கல்லூரியிலோ நூலகத்திலோ கூட்டம். விழுப்புரம், காஞ்சிபுரம், சென்னை லினக்ஸ் குழுக்களிலிருந்து இரண்டு பேராவது ஒவ்வொரு கூட்டத்துக்கும் போக வேண்டும். முதல் நாள் லினக்ஸ் நிறுவுதல், அடுத்தது கட்டளை வரி, அடுத்தது நிரல் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் என்ற கருவி, பிறகு ஒரு மொழிபெயர்ப்பு, ஒரு சிறு பிழைத்திருத்தம் என்று அது நடக்க வேண்டும். நான் சொன்ன நிபந்தனை இதுதான்: மாநாட்டுக்கு ஆறு மாதம் இருக்கும்போது, அந்த இரு மாவட்டங்களில் வசிக்கும் பத்துப் பேராவது பொறுப்புகளைத் தங்கள் பெயரில் எடுத்துக்கொண்டிருக்க வேண்டும், அவர்களில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். அப்படி ஒரு குழு உருவாகவில்லையென்றால் மாநாட்டை வேறு ஊருக்கு மாற்றிவிட வேண்டும், மாற்று ஊரும் முதலிலேயே அறிவிக்கப்பட்டிருக்க வேண்டும். இது கடுமையாகத் தெரியலாம். ஆனால் வெளியூர்க்காரர்கள் வந்து பந்தல் போட்டு, பேசி, பந்தலைப் பிரித்துக்கொண்டு போகும் மாநாட்டால் அந்த ஊருக்கு ஒரு பயனும் இல்லை. அதற்குச் சென்னையிலேயே வைத்துவிடலாம்.

ஒரே ஊரில் நிலையாக நடத்துவதற்கும் நல்ல வாதம் உண்டு. பிரஸ்ஸல்ஸில் ஒவ்வோர் ஆண்டும் ஒரு பல்கலைக்கழக வளாகத்தில் நடக்கும் ஃபாஸ்டெம் ஐரோப்பாவின் மிகப் பெரிய கட்டற்ற மென்பொருள் கூடல். கட்டணம் இல்லை, முன்பதிவு இல்லை. ஊரும் வளாகமும் மாறாததால் நடத்துகிறவர்களுக்கு ஒவ்வொரு கதவும் ஒவ்வொரு மின்பலகையும் தெரியும்; அனுபவம் சேர்ந்துகொண்டே போகிறது. அது வெற்றிகரமான முறைதான். ஆனால் பிரஸ்ஸல்ஸுக்கு ரயிலேறி வரக்கூடிய நாடுகளில் ஏற்கெனவே உருவாக்குநர்கள் ஏராளம். அது இருப்பவர்கள் கூடும் இடம். புதியவர்களை உருவாக்க வேண்டிய நிலையில் உள்ள நமக்கு இரண்டும் வேண்டும். சென்னையில் ஆண்டுதோறும் ஒரு கூட்டம் நடக்கட்டும், அதை யாரும் குறைக்க வேண்டாம். அதோடு ஊர் ஊராக நகரும் இன்னொரு மாநாடும் வேண்டும் என்பதுதான் கோரிக்கை.

தனியார் கல்லூரி வளாகத்தில் நடத்தும்போது வரும் ஆபத்து ஒன்றை வெளிப்படையாகப் பேச வேண்டும். நம் கல்லூரி விழாக்களின் வழக்கப்படி குத்துவிளக்கு, வரவேற்புரை, தாளாளர் உரை, பொன்னாடை, நினைவுப் பரிசு என்று முதல் இரண்டரை மணி நேரம் போய்விடும். வருகைப் பதிவுக்காக வகுப்பு வகுப்பாக மாணவர்களைக் கொண்டுவந்து உட்காரவைப்பார்கள். இருக்கை நிறையும், மனம் வராது. விருப்பமில்லாமல் உட்காரவைக்கப்பட்ட முந்நூறு பேரைவிட, தானாக வந்த அறுபது பேர் மேல். வளாகம் தரும் கல்லூரியோடு முதல் கடிதத்திலேயே இதை எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்: மேடை விழா அரை மணி நேரம், கட்டாய வருகை இல்லை, பிற கல்லூரி மாணவர்களுக்கும், பாலிடெக்னிக், ஐ.டி.ஐ. மாணவர்களுக்கும், கல்லூரிக்கே போகாதவர்களுக்கும் கதவு திறந்திருக்கும். இதற்கு ஒப்பாத கல்லூரி எவ்வளவு நல்ல அரங்கம் வைத்திருந்தாலும் வேண்டாம். அரியலூரில் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரி இருக்கிறது. விழுப்புரம் மாநாட்டுக்கு இடம் கொடுத்ததும் அதே வகைக் கல்லூரிதான். முதலில் தட்ட வேண்டிய கதவு அது. இரண்டு மாவட்டங்களுக்கும் மனத்தாங்கல் வரக் கூடாது என்று ஒரு நாள் இங்கே, ஒரு நாள் அங்கே என்று பிரிக்கும் யோசனை வந்தால் மறுத்துவிட வேண்டும். மாதக் கூட்டங்களை இரு ஊர்களிலும் மாறி மாறி வைக்கலாம். மாநாடு ஒரே வளாகத்தில் நடக்க வேண்டும்.

ஊர் மாறினால் மாநாட்டில் நடக்கும் வேலையும் மாறும். எனக்கு மிகவும் முக்கியமாகத் தோன்றுவது இதுதான். ஒரு காலத்தில் கடலடியில் இருந்த நிலம் இது. கிரெட்டேசியஸ் காலத்துச் சங்குகளும் அம்மோனைட்டுகளும் அரியலூர்ச் சுரங்கங்களில் கிடைக்கின்றன. பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் 18 மீட்டர் நீளக் கல்மரம் கிடக்கிறது. வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கிறது. உலகெங்கும் புவியியலாளர்கள் படிக்கும் இந்தச் செல்வத்தைப் படமெடுத்து, கட்டற்ற உரிமத்தில் விக்கிமீடியா பொதுவகத்தில் ஏற்றி, தமிழ் விக்கிப்பீடியாவில் கட்டுரையாக்கும் வேலையை ஐம்பது மாணவர்கள் இரண்டு நாளில் தொடங்கிவிட முடியும். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற கட்டற்ற வரைபடத்தில் ஏரி, குளம், வாய்க்கால், ஊராட்சிச் சாலை, ஆரம்ப சுகாதார நிலையம், பேருந்து நிறுத்தம் ஆகியவற்றைக் குறிக்கும் பயிற்சியை, அந்த ஏரிக்கரையில் வளர்ந்தவர்களை வைத்தே நடத்தலாம். கரைவெட்டிப் பறவைகள் சரணாலயத்துக்கு 2024இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற ராம்சர் அங்கீகாரம் கிடைத்தது. அங்கே நீர் எந்த வாய்க்கால் வழி வருகிறது என்பதை உள்ளூர்க்காரரைவிட நன்றாக வரைபடத்தில் ஏற்றக்கூடியவர் யார்? சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓடும் சாலைகளில் பள்ளி வாசல்கள் எங்கே இருக்கின்றன என்று குறித்த ஒரு வரைபடம், விபத்துகளால் வாடும் ஊருக்கு மாநாட்டின் எந்த உரையையும்விடப் பயன்படும். சென்னை ஓ.எம்.ஆரில் அமர்ந்து இதைச் செய்ய இயலாது. கற்றவர் ஒருவர் தன் ஊருக்கான பொருளைத் தானே ஆக்கும்போதுதான் கட்டற்ற மென்பொருள் அவருக்கு உடைமையாகிறது.

உரைகள் தமிழில் இருக்க வேண்டும். நுட்பத்தைத் தமிழில் சொல்ல முடியாது என்ற தயக்கத்துக்கு, 2012 ஜனவரியில் தொடங்கிய, கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழில் எழுதும் கணியம் இதழ் பல ஆண்டுகளாகவே பதில் சொல்லிவருகிறது. மலையாளமோ இந்தியோ பேசும் வெளிமாநிலத்தவர்கள் ஆங்கிலத்தில் பேசட்டும், பக்கத்தில் ஒருவர் இருந்து தமிழில் விளக்கட்டும். கேள்வி நேரத்தில் ஆங்கிலம் வராது என்பதற்காக யாரும் வாயை மூடிக்கொள்ளக் கூடாது. சென்னை மாநாடுகளில் கேள்வி கேட்கும் கைகள் யாருடையவை என்று பார்த்தவர்களுக்கு இது ஏன் முக்கியம் என்று தெரியும்.

நன்கொடை கிடைக்குமா என்பது நியாயமான கவலை. ஆள் எடுக்கும் நோக்கத்தோடு நிறுவனங்கள் பெருநகர மாநாடுகளுக்குப் பணம் தருகின்றன. சிறிய ஊருக்கு அந்த அளவு வராது. அதனால் மாநாட்டைச் சிறிதாகத் திட்டமிட வேண்டும்: பையும் டி-ஷர்ட்டும் வேண்டாம், பேனர் நாலு போதும். காலமும் முக்கியம். சித்திரை வெயிலில் இந்தப் பக்கம் யாரையும் கூப்பிடக் கூடாது. ஐப்பசி, கார்த்திகை மழைக்காலமும் சரிவராது. பொங்கல் முடிந்து ஜனவரிக் கடைசி வாரம், முகூர்த்த நாள் பார்த்துத் தவிர்த்து, கல்லூரியின் பருவத் தேர்வு, விடுமுறை அட்டவணைகளையும் பார்த்துக் குறிக்க வேண்டும். விடுதியில் தங்காமல் தினமும் வீடு திரும்பும் பெண்களுக்கு ஜெயங்கொண்டம், செந்துறை, குன்னம், வேப்பந்தட்டைப் பக்கம் போகும் பேருந்து நேரத்தை வைத்தே கடைசி அமர்வை முடிக்க வேண்டும். கிடைக்கும் பணத்தில் முதலில் ஒதுக்க வேண்டியது மாணவர்களின் பேருந்துக் கட்டணம், அடுத்தது சாப்பாடு, அதற்கடுத்தது வெளியூர்த் தன்னார்வலர்கள் அந்த ஒன்றரை ஆண்டும் மாதாமாதம் வந்துபோகும் செலவு. பேச்சாளருக்கான தொகை இவற்றுக்குப் பிறகு மிஞ்சினால் பார்த்துக்கொள்ளலாம்.